முதல் பிரசவம், 34 வாரம்: எது நிஜ வலி, எப்போது கிளம்புவது?

பூங்கொடி_வேளச்சேரி:

எல்லாருக்கும் வணக்கம். முதல் பிரசவம், 34 வாரம் முடிந்தது. டியூ டேட் நவம்பர் கடைசி வாரம். இதுவரை வேளச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செக்கப். வளைகாப்பு முடிந்ததும் தண்டையார்பேட்டை அம்மா வீட்டுக்குப் போகிறேன், பிரசவமும் அந்தப் பக்கம்தான். குழந்தை தலை கீழே, நஞ்சுக்கொடி மேலே, பி.பி. 110/70, சர்க்கரை நார்மல், ஹீமோகுளோபின் 10.4.

சந்தேகங்கள்: சூட்டு வலியையும் நிஜ வலியையும் எப்படிப் பிரிப்பது? சுருக்கென்று ஒரு வலி வந்தாலே ஓடிவிட வேண்டும் என்கிறார்கள் வீட்டில். "ரொம்ப சீக்கிரம் போனா ஆபரேஷன்ல முடியும்" என்று இன்னொரு பக்கம். பெரினியல் மசாஜ் (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடத்தை இளக்குவது) நிஜமாகவே தையலைக் குறைக்குமா, எப்படிச் செய்வது? புது ஆஸ்பத்திரியில் முன்னாடியே என்னென்ன கேட்டு வைக்கணும்? டாக்டர் தவிர மிட்வைஃப் கவனிக்கிற ஏற்பாடு என்கிறார்களே, அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடைசியாக, 38 வாரம் ஆனதும் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார் அத்தை. குடிக்கலாமா?

லேபர்வார்டு_சிஸ்டர்:

முதல் கேள்விதான் முக்கியம்மா, அதை விரிவாகச் சொல்கிறேன்.

வலி என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதலில் கருப்பை வாய் மிருதுவாகி, மெலிந்து, மெதுவாகத் திறக்கும். 5 செ.மீ. வரைக்கும் இந்தக் கட்டம்தான். லேபர் வார்டில் "ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று சொன்னால் ஏறத்தாழ 3 செ.மீ., அதாவது இன்னும் முதல் கட்டம். முதல் பிரசவத்தில் இது ஒரு பகல், ஒரு ராத்திரி இழுத்தாலும் கோளாறு என்று அர்த்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி 5 செ.மீ.யிலிருந்துதான் தீவிர கட்டத்தைக் கணக்கு வைக்கிறது. அங்கிருந்து முழுசாகத் திறக்க முதல் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் போகாது. மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆகணும் என்ற பழைய கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்றும் அதே வழிகாட்டியில் இருக்கிறது.

"சீக்கிரம் போனா ஆபரேஷன்" என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. 2 செ.மீ.யில் அட்மிட் ஆனால் கட்டிலில் படுக்க வைப்பார்கள். நடமாட்டம் நின்றால் வலியும் மந்தமாகும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே 2 செ.மீ. "முன்னேற்றம் இல்லை" என்று வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். வலி திடீரென்று நெருங்கி வரும், குழந்தையின் இதயத்துடிப்பு சில நேரம் இறங்கும், அதற்கப்புறம் முடிவு மாறிவிடும். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் உடம்பும் குழந்தையும் நன்றாக இருந்தால் முதல் கட்டத்தை வீட்டில் கழிப்பதற்கு இதுதான் காரணம்.

சூட்டு வலிக்கு ஒழுங்கு கிடையாது. ஒரு தடவை 7 நிமிஷம், அடுத்தது 20 நிமிஷம். வயிறு முன்பக்கம் மட்டும் இறுகும். சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, வெந்நீரில் குளித்து, இடது பக்கம் ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நிஜ வலி எதற்கும் அடங்காது. பெரும்பாலும் இடுப்பின் பின்பக்கம் பிடித்து முன்னால் சுற்றி வரும், இடைவெளி குறையும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூடும். வலி உச்சத்தில் வாக்கியத்தை முடிக்க முடியாமல் பேச்சு நின்றுவிடும்.

நேரம் எடுப்பதில் எல்லாரும் செய்யும் தப்பு, ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுவது. தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ண வேண்டும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் 1 நிமிஷம் நீடித்து, 1 மணி நேரமாக அப்படியே வந்தால் கிளம்புங்கள். அதுவரை நடக்கலாம், குளிக்கலாம், தூங்க முடிந்தால் தூங்கலாம். கஞ்சி, இட்லி, இளநீர், மோர் கொஞ்சம் கொஞ்சமாக. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் தலை இறங்கத் தடையாகும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

இனி, வலி இருக்கிறதோ இல்லையோ உடனே போக வேண்டியவை. பனிக்குடம் உடைந்தால். மாதவிடாய் போல ரத்தம் வந்தால். (கோழை மாதிரி சளியில் இளஞ்சிவப்புக் கோடு மட்டும் என்றால் பயமில்லை, கருப்பை வாய் திறக்க ஆரம்பித்ததன் அடையாளம்.) அசைவு குறைந்தால். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குவது, இவை பி.பி. ஏறியதைக் காட்டும், 140/90 தொட்டாலே பார்த்தாக வேண்டும். காய்ச்சல். தளராமல் கல் மாதிரி இறுகியே நிற்கும் வயிறு. 37 வாரத்துக்கு முன்னால் ஒழுங்காக வரும் எந்த வலியும்.

பனிக்குடமா சிறுநீரா என்று குழப்பம் வந்தால், சிறுநீர் கழித்துவிட்டு உலர்ந்த வெள்ளை பேடு வைத்து அரை மணி படுங்கள். எழுந்திருக்கும்போது மறுபடி நனைந்தால் பனிக்குட நீர் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். உடைந்த நேரத்தையும் நிறத்தையும் எழுதி வையுங்கள், உள்ளே போனதும் முதலில் கேட்பது அதைத்தான். தெளிவாகவோ வைக்கோல் நிறத்திலோ இருந்தால் பதறாமல் போகலாம். பச்சையோ பழுப்போ என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, தாமதிக்கக் கூடாது. அரிதாக, நீரோடு கயிறு மாதிரி ஏதாவது வெளியே தட்டுப்பட்டால் அது தொப்புள் கொடி. தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். முட்டி போட்டு, மார்பைத் தரையில் வைத்து, இடுப்பைத் தூக்கியபடி இருங்கள், வேறு யாராவது 108-ஐக் கூப்பிடட்டும்.

அசைவு: சாப்பிட்டதும் இடது பக்கம் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வரணும். "கடைசி மாசம் இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அசையும் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது.

இடுப்புத்தளம்_பிசியோ:

மசாஜ் பத்தி நான் சொல்றேன். முதல் பிரசவத்துக்கு பலன் உண்டு, ஆனா அளவா எதிர்பாருங்க: எபிசியாடமியும் (குழந்தை வர வழி விட அந்த இடத்தை வெட்டறது), தையல் போடற அளவு கிழிசலும் கொஞ்சம் குறையும். கிழிசலே வராதுன்னு யாராலயும் உறுதி தர முடியாது. 34-35 வாரத்துல ஆரம்பிக்கலாம், உங்களுக்கு இப்போ சரியான நேரம். வாரம் ஒண்ணு ரெண்டு தடவை போதும், தினமும் செஞ்சா கூடுதலா கிடைக்கும்னு இல்ல.

நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பு போட்டு கை கழுவுங்க. வாசனை கலக்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும், கடையில விக்கிற விலை உயர்ந்த எண்ணெய் தேவையே இல்ல. குளிச்ச உடனே செஞ்சா தசை இளகியிருக்கும். முதுகுக்கு ரெண்டு தலையணை வெச்சு பாதி சாய்ஞ்சு, முட்டியை மடக்கி விரிச்சு உட்காருங்க. ரெண்டு கட்டை விரலையும் பிறப்புறுப்புக்குள்ள 3-4 செ.மீ. வெச்சு, கீழ் நோக்கி, ஆசனவாய் பக்கமா அழுத்துங்க. எரிச்சல் மாதிரி இழுவை தெரியும். அங்கேயே ஒரு நிமிஷம் நிறுத்துங்க. உடம்பை இறுக்காம மூச்சை விட்டுப் பழகறதுதான் இதுல பாதிப் பலன், ஏன்னா தலை வெளியே வரும்போது வர்ற எரிச்சலும் இதே மாதிரிதான். அப்புறம் கீழ்ப்பாதியில மட்டும் 'ப' எழுத்து வடிவத்துல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் 2-3 நிமிஷம். மொத்தம் 5 நிமிஷம். வயிறு தடுத்து கை எட்டலன்னா வீட்டுக்காரர் ஆள்காட்டி விரலால செய்யலாம்.

மேல் பக்கம், சிறுநீர் துவாரத்துக்கிட்ட அழுத்தவே கூடாது. அரிப்போட வெள்ளைப்படுதல், ரத்தக் கசிவு, நஞ்சுக்கொடி கீழே, பனிக்குடம் உடைஞ்சாச்சு, இதுல எது இருந்தாலும் செய்யாதீங்க. கூர்மையா வலிச்சா நிறுத்திடுங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு தொடர்றதுல அர்த்தமே இல்ல.

உண்மையைச் சொன்னா, கிழிசலைத் தடுக்கிறதுல மசாஜைவிட பிரசவ நேரத்துல நடக்கிற ரெண்டு விஷயத்துக்குப் பங்கு அதிகம். ஒண்ணு, தலை தெரியும்போது வெதுவெதுப்பான ஈரத்துணியை அந்த இடத்துல ஒத்தி வைக்கிறது. ஆசனவாய் வரைக்கும் போற பெரிய கிழிசல் இதனால குறையுது. ரெண்டு, தலை மெதுவா வர்றது. "முக்கு, முக்கு, மூச்சை விடாதே"ன்னு எல்லாரும் கத்துற நேரத்துல, உச்சந்தலை வெளியே தெரிஞ்சதும் முக்கறதை நிறுத்தி, வாயைத் திறந்து நாய் இரைக்கிற மாதிரி சின்னச் சின்னதா மூச்சு விடணும். இதை இப்பவே தினம் ரெண்டு நிமிஷம் பழகுங்க. மத்த நேரத்து வலிக்கு மூக்கால 4 எண்ணி இழுத்து, சூடான காபியை ஊதி ஆத்தற மாதிரி உதட்டைக் குவிச்சு 6 எண்ணி விடுங்க. தாடையும் தோளும் இறுகாம பாருங்க, வாய் இறுகினா கீழேயும் இறுகும்.

உட்கார்ந்து இடுப்பை ஆட்டற பிரசவப் பந்து வாங்கறதா இருந்தா 160 செ.மீ.க்குக் கீழே உயரம்னா 55 செ.மீ. பந்து, அதுக்கு மேல 65. உட்கார்ந்தா இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்கணும். டைல்ஸ் தரையில வெறுமனே வைக்காதீங்க, பாய் விரிச்சு, சுவர் ஓரமா. ஜன்னல் கம்பியைப் பிடிச்சு குந்தி உட்கார்றதும் நல்லதுதான், குதிகால் தரையில பதியணும். அந்தரங்க எலும்பு மூட்டுல, அதான் முன்பக்கம் நடுவுல, வலி இருந்தா குந்தறதும் பட்டாம்பூச்சி ஆசனமும் வேண்டாம்.

வடசென்னை_வாசி:

மத்ததை அவங்க சொல்லிட்டாங்க, நான் பேப்பர் விஷயமும் ரோடு விஷயமும் மட்டும்.

செக்கப் ஒரு இடம், பிரசவம் இன்னொரு இடம்னா ஃபைல் முழுசும் கையில இருக்கணும். ரத்த வகை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் (முக்கியமா முதல் மூணு மாசத்து ஸ்கேன், தேதியை அதை வெச்சுதான் உறுதி பண்றாங்க), எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி ரிசல்ட், டி.டி. ஊசி போட்ட தேதி. உங்க ரத்த வகை நெகட்டிவ்னா 28 வாரத்துல ஆன்டி-டி ஊசி போட்டாங்களான்னு பாருங்க. 12 இலக்க ஆர்.சி.எச். எண் (கர்ப்பத்தை அரசுல பதிவு பண்ணும்போது தர்றது) இல்லாம தமிழ்நாட்டுல பிறப்புச் சான்றிதழ் வாங்கறது சிரமம், தனியார்ல பிரசவம்னாலும் தேவை. இல்லன்னா உங்க ஏரியா கிராம/நகர சுகாதார செவிலியர்கிட்ட உடனே பதிவு பண்ணுங்க. 37 வாரத்துக்குள்ள புது ஆஸ்பத்திரியில ரெண்டு செக்கப்பாவது முடிஞ்சிருக்கணும். ராத்திரி வலியோட முதல் தடவை உள்ள நுழையற நிலைமை வேண்டாம்.

நவம்பர் கடைசின்னா மழை உச்சத்துல இருக்கும். வேளச்சேரியில தண்ணி நிக்கும்னு உங்களுக்கே தெரியும், வளைகாப்பைத் தள்ளிப் போடாம சீக்கிரம் இடம் மாறிடுங்க. தண்டையார்பேட்டைப் பக்கம் சுரங்கப்பாதையை மழையில மூடிடுவாங்க, ரயில்வே கேட்டுல ரயிலுக்கு நிக்கணும். இது ரெண்டும் இல்லாத வழியை ஒரு தடவை வண்டியில போய்ப் பார்த்து வைங்க. அவசரத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி பக்கம்தான். எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரி அடுத்தது. நீங்க பதிவு பண்ணலன்னாலும் அவசரம்னா சேர்த்துக்குவாங்க, ஃபைல் மட்டும் எடுத்துட்டுப் போங்க.

அப்புறம் ஒண்ணு, சிஸ்டர் சொன்ன 5 நிமிஷக் கணக்கு நம்ம டிராஃபிக்குக்கு லேட் இல்லையா?

லேபர்வார்டு_சிஸ்டர்:

நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி 20 நிமிஷத்தில் என்றால் 5 நிமிஷக் கணக்கு சரி. மழையிலோ மாலை நெரிசலிலோ ஒரு மணி நேரம் ஆகும் என்றால் 7 நிமிஷத்திலேயே கிளம்பலாம். இரண்டாவது பிரசவக்காரர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம், அவர்களுக்கு வேகம் அதிகம், வலி ஒழுங்குக்கு வந்ததுமே போய்விட வேண்டும். முதல் பிரசவத்தில் போய்ச் சேர்ந்து 2 செ.மீ. என்று தெரிந்து, குழந்தையின் இதயத்துடிப்பும் பி.பி.யும் சரியாக இருந்தால், "வீட்டுக்குப் போய்விட்டு வரட்டுமா, இல்லை இங்கேயே நடக்கட்டுமா" என்று கேளுங்கள். திரும்பி வருவதில் வெட்கம் எதுவும் இல்லை.

தாய்சேய்_நலம்:

ஆஸ்பத்திரியில் கேட்பது பற்றி. "நார்மல் பிரசவத்துக்கு முயற்சி பண்ணுவீங்களா" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "கண்டிப்பா" என்றுதான் பதில் வரும். எண்ணிக்கை கேளுங்கள். முதல் பிரசவத்துக்கு வருபவர்களில் பத்துக்கு எத்தனை பேருக்கு சிசேரியன்? எத்தனை பேருக்கு எபிசியாடமி? தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019-21) படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ராத்திரி 2 மணி கேள்விகள். அந்நேரம் மகப்பேறு டாக்டர் உள்ளே இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? மயக்க மருந்து டாக்டர் வர எத்தனை நிமிஷம்? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை அதே கட்டடத்திலா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா? எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) உண்டென்றால் 24 மணி நேரமும் உண்டா, பகலில் மட்டுமா? லேபர் அறைக்குள் துணைக்கு ஒருவர் வரலாமா, கணவரா அம்மாவா? நடக்க, குடிக்க விடுவார்களா? முக்கும் நேரத்தில் மல்லாக்கப் படுத்துத்தான் இருக்கணுமா, ஒருக்களித்து இருக்கலாமா, குறைந்தது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவார்களா? சேவிங், எனிமா, எல்லாருக்கும் எபிசியாடமி, இந்த மூன்றும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லாதவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது. தொப்புள் கொடியைக் குறைந்தது 1 நிமிஷம் கழித்து வெட்டுவது, பிறந்ததும் மார்பில் போடுவது, முதல் மணி நேரத்துக்குள் சீம்பால், இவற்றுக்கு அவர்கள் வழக்கம் என்ன என்றும் கேளுங்கள். 41 வாரம் ஆனால் என்ன செய்வார்கள் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். 40 வாரம் முடிந்த அன்றே எந்தக் காரணமும் சொல்லாமல் வலி வரவைக்க ஜெல் வைக்கலாம் என்றால் "ஏன் இன்றே" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பி.பி., சர்க்கரை, நீர் குறைவு என்று காரணம் இருந்தால் அது வேறு.

மிட்வைஃப் பற்றி: மூன்று பேரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸ்-மிட்வைஃப் பிரசவம் பார்க்கத் தகுதி பெற்றவர். டூலா என்பவர் கூடவே இருந்து இடுப்பை அழுத்திவிடுவார், தைரியம் சொல்வார், ஆனால் பிரசவம் பார்க்கக் கூடாது. வகுப்பு எடுப்பவர் சொல்லிக்கொடுப்பதோடு சரி. மத்திய அரசின் 2018 வழிகாட்டி 18 மாதம் கூடுதல் பயிற்சி பெற்ற மிட்வைஃப் நர்ஸ்களையும், அவர்கள் தலைமையிலான பிரசவப் பிரிவுகளையும் கொண்டுவரச் சொன்னது. சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு இப்படிப்பட்ட கவனிப்பு நல்லது. ஆனால் அதே கட்டடத்தில் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற இடமாகப் பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டால் அவரிடம் போக வேண்டாம்.

வீட்டுப் பிரசவம் என்று யாராவது பேசினால் காது கொடுக்காதீர்கள். 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்தார். குழந்தை பிறந்த அடுத்த சில நிமிஷங்களில்தான் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டும் ஆபத்து. அதைத் தடுக்கத்தான் பிறந்ததும் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுகிறார்கள். அந்த ஊசியும், அதையும் மீறினால் ரத்தமும் வீட்டில் கிடையாது.

பூங்கொடி_வேளச்சேரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எண்ணிக்கை கேட்கிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. விளக்கெண்ணெய் கேள்வி மட்டும் விட்டுப்போச்சு. தினம் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்கிறார்கள், அதுவும் சரியா? ஹீமோகுளோபின் 10.4 பற்றிக் கவலைப்படணுமா?

லேபர்வார்டு_சிஸ்டர்:

விளக்கெண்ணெய் வேண்டாம். அது குடலை முறுக்குகிறது, அந்த முறுக்கில் கருப்பையும் சுருங்கும் என்ற நம்பிக்கைதான். வயிற்றுப்போக்கு, வாந்தி, நீரிழப்பு எல்லாம் வந்து, நிஜ வலி தொடங்கும்போது உடம்பில் தெம்பு இருக்காது. அத்தையிடம் "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிவிடுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

பேரீச்சம்பழம் கடைசி நாலு வாரம் தினம் ஆறு சாப்பிடலாம், கருப்பை வாய் திறக்க உதவுவதாகச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. உங்களுக்குச் சர்க்கரை நார்மல் என்பதால் சரி, கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது. இரும்புச் சத்துக்கு அதை நம்பாதீர்கள்.

10.4 என்பது லேசான ரத்தசோகை, 11க்கு மேல் வேண்டும். பிரசவத்தில் ரத்தம் இழக்கும்போது கையிருப்பு கணக்கில் வரும், அதனால் அலட்சியம் வேண்டாம். 60 மி.கி. இரும்பு மாத்திரை தினம் ஒன்று என்பது ரத்தசோகை இல்லாதவர்களுக்கான அளவு. உங்கள் எண்ணுக்கு அரசுத் திட்டத்தில் தினம் இரண்டு தருவார்கள். 34 வாரம் ஆகிவிட்டதால் மாத்திரையைக் கூட்டுவதா, நரம்பு வழி இரும்பு ஏற்றுவதா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஏறாது. டீ, ஃபில்டர் காபிக்கும் ஒரு மணி நேர இடைவெளி. எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

இடுப்புத்தளம்_பிசியோ:

பையைப் பத்தி யாரும் சொல்லலையே. முன்பக்கம் திறக்கிற நைட்டி மூணு, பெரிய சைஸ் பேடு ரெண்டு பாக்கெட், துவைச்சு வெயில்ல காய வெச்ச பழைய காட்டன் வேட்டித் துணி ஏழெட்டு (புதுத்துணியில கஞ்சி இருக்கும், குழந்தைக்கு உறுத்தும்), வெந்நீர் ஃபிளாஸ்க், வளைஞ்ச ஸ்ட்ரா. ஸ்ட்ரா அல்பமா தெரியும், வலிக்கு நடுவுல எழுந்திரிக்காம ஒருக்களிச்சபடி தண்ணி குடிக்க அதுதான் கைகொடுக்கும். 36 வாரத்துக்குள்ள கட்டி, ஃபைலோட சேர்த்து வாசல் பக்கம் வெச்சிடுங்க.

வடசென்னை_வாசி:

சேனை தொட்டு வைக்கிறது, சர்க்கரைத் தண்ணி குடுக்கிறது எதுவும் வேண்டாம்னு பாட்டிங்ககிட்ட இப்பவே பேசிடுங்க. பிறந்த அன்னிக்குப் பேசினா சண்டைதான் வரும்.

பூங்கொடி_வேளச்சேரி:

😀 பாட்டி இப்பவே தேன் பாட்டில் வாங்கி வெச்சிருக்காங்க. இன்னிக்கே பேசறேன்.

லேபர்வார்டு_சிஸ்டர்:

தேன் ஒரு வயது வரைக்கும் கூடாதும்மா, அதிலிருக்கும் கிருமி விதை கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும். பாட்டியையே அந்தப் பாட்டிலைத் தீர்க்கச் சொல்லுங்கள்.